சம்பந்திக்கு எடுத்த வேட்டி

அந்தப் பொட்டலத்த உள்ள விடமாட்டாங்க அம்மிணி. கோயில் பிரசாதம்னு தெரியுதுங்க, மாரியாத்தா மஞ்ச வாசம் இங்க வரைக்கும் வருது. ஆனா இந்த ஐசியூக்குள்ள சாமியே வந்தாலும் கையில மருந்து தடவிக்கிட்டு, கவுன் மாட்டிக்கிட்டுத்தான் வரோணும். நர்ஸுப் புள்ளைங்க அவ்வளவு கண்டிப்பு. மடியிலயே வெச்சுக்குங்க. இந்தச் சேர்ல உக்காருங்க. அதுல கெடக்கற துண்டு என்றதுதான், எடுத்துப்போட்டு உக்காருங்க. ஃபேனுக்கு நேரா இருக்கறது இது ஒண்ணுதான், போன் சார்ஜ் போடற பிளக்கும் பக்கத்துலயே. இந்தச் சேருக்கு இந்த ஹால்ல எம்எல்ஏ சீட்டு மாதிரி போட்டியுங்க. நான் இன்னைக்குக் காலி பண்றேன், நீங்க பிடிச்சுக்குங்க.

உள்ள யாருங்க? வீட்டுக்காரரா? என்னன்னு சொன்னாங்க? செப்சிஸ்ஸா. அப்ப நம்ம கட்சிதான். எங்க சம்பந்திக்கும் அதேதான். ரத்தத்துல கிருமி ஏறி, ஒடம்பு மொத்தத்தையும் ஆட்டி வைக்குது.

புரோகால்சிடோனின் எவ்வளவுன்னு சொன்னாங்க? கேக்கலயா? லாக்டேட்டு? அதுவும் கேக்கலயா! என்னங்க அம்மிணி. சரி சரி, வெசனப்படாதீங்க, இப்பத்தான வந்தீங்க. நாளைக்குக் காலைல பாருங்க, இங்க உங்கள யாரும் பேரு கேக்கமாட்டாங்க, ஊரு கேக்கமாட்டாங்க. "உங்களுக்கு லாக்டேட் என்னங்க வந்திருக்குது"ன்னுதான் கேப்பாங்க. விடியறப்பவே ரத்தம் எடுத்துருவாங்க. வெயில் ஏற ஏற ஒவ்வொருத்தர் போனுக்கா ரிப்போர்ட் வரும். எங்க ஊர்ல தினமும் முட்ட வெல எவ்வளவுன்னு போனப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம், அச்சு அசல் அதே மாதிரிதானுங்க. ஏறிச்சா, எறங்கிச்சா, அவ்வளவுதான் பேச்சு.

நம்மளுக்கு நாமக்கல் பக்கம் முட்டக்கோழிப் பண்ணை. பேரு செங்கோட்டுவேலு. இந்த ஹால்ல முட்டக்காரருன்னு கேட்டீங்கன்னா தெரியும். ரத்த ரிப்போர்ட்டு பாக்கறதுல நம்மளுக்குக் கொஞ்சம் கைராசின்னு பேராகிப்போச்சு.

இந்தப் பையிங்களா? இதுல ஒரு வேட்டி இருக்குதுங்க. இந்த வேட்டிக்காகத்தான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். ஆனா மொதல்ல இருந்து சொன்னாத்தான் கேக்கறதுல ஒரு நாயம் இருக்கும்.

எங்க சம்பந்தி பேரு அர்த்தநாரி. லாரிக்குப் பாடி கட்டற பட்டறை வெச்சிருக்காரு. நல்ல மனுசன்தான், நான் இல்லைங்கல. ஆனா எதக் கண்டாலும் ஒரு தட்டுத் தட்டிப் பாத்துக் கொறை சொல்லாட்டி அவுருக்குச் சோறு எறங்காது. பலகையத் தட்டித் தட்டியே பழகுன கையி. என்ற மக தமயந்தியப் பொண்ணு பாக்க வந்தப்ப, எங்க வீட்டுக் கதவத் தட்டுனாரு. உள்ள வரதுக்கு இல்லீங்க, கதவு தொறந்துதான் கெடந்துச்சு. மரம் என்ன மரம்னு பாக்கறாராமா. "வேங்கைன்னு சொல்லி வித்தானுங்களா? ஏமாந்துட்டீங்களே"ன்னாரு. மொதப் பேச்சே அதுதான்.

கல்யாணத்துல சம்பந்தி மரியாதைக்கு வேட்டி எடுத்து வெச்சேன். மண்டபம் நெறையச் சனம். வாங்குனாரு, பிரிச்சாரு, டியூப்லைட்டுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சாரு. "சம்பந்தி, இது வேட்டியா, கொசுவலையா? உங்க மொகம் தெரியுதே!" மண்டபமே சிரிச்சுதுங்க. ஐயரு மந்திரத்த நிறுத்திப்போட்டுச் சிரிச்சாரு. என்ற பொண்டாட்டியும் சிரிச்சா. நான் அத அன்னைக்கே மறந்துட்டேன். எதையும் மனசுல வெச்சுக்கற ஆளில்ல நானு. முகூர்த்த நாள் வந்தா ஞாபகம் வரும், தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனா ஞாபகம் வரும், ராத்திரி கொசு கடிச்சா ஞாபகம் வரும். மத்தபடி சுத்தமா மறந்துட்டேன்.

இப்ப மக வாயும் வயிறுமா இருக்குது. அதுக்குச் சம்பந்தி பட்டறையில அவரே ஒக்காந்து தொட்டில் செய்யறாரு. கடையில விக்காததா? லாரி பாடி கட்டற மனுசன் செய்யற தொட்டில் எப்படி இருக்கும்? பத்து டன்னு தாங்கும், பின்னாடி "ஒலி எழுப்புக"ன்னு எழுதியிருக்கும். அந்தத் தொட்டில் வேலையில கெடந்த தகரத் துண்டு கால்ல கிழிச்சுப்போடுச்சு. சக்கரை ஒடம்பு. யாருகிட்டயும் சொல்லாம மஞ்சளும் எண்ணெயும் வெச்சுக் கட்டிக்கிட்டு வேலை பாத்திருக்காரு. கால் வீங்கி, காச்சல் வந்து, பேச்சுக் கொழறி, அப்பறந்தான் இங்க கொண்டாந்தோம். கொண்டாந்த அன்னைக்கே வாயில கொழாய் போட்டு மெஷின்ல வெச்சுட்டாங்க.

எனக்கென்னங்க, மகளுக்காக வந்து உக்காந்தேன். மாப்ள துபாய்ல. சம்பந்தியம்மாவுக்கு ஆஸ்பத்திரி வாசம் பட்டாலே மயக்கம் வந்துரும். அப்ப நாந்தான இருக்கோணும். என்ற பொண்டாட்டி ரெண்டு மூணு தடவை வந்தா. "நான் இருக்கறேன், நீங்க போயிக் கோழியப் பாருங்க"ன்னா. நாந்தான் போகல. இந்தச் சேர விட்டா அப்பறம் கெடைக்குமா, நீங்களே சொல்லுங்க.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். கோழிக்கு வெள்ளக் கழிச்சல்னு ஒரு சீக்கு உண்டு. வந்துச்சுன்னா ஷெட்டே காலி. அதுக்காக நாங்க றெக்கைக்கடியில சித்த ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். டைட்டர்னு ஒரு நம்பர் வரும். சீக்கத் தடுக்கற சக்தி கோழி ஒடம்புல எவ்வளவு இருக்குதுங்கறது அந்த நம்பர். மேல இருந்தா நிம்மதி. எறங்க எறங்க ஆபத்து. முப்பது வருசமா நான் இதத்தான் பாத்துக்கிட்டிருக்கறேன்.

இங்க சம்பந்திக்குப் புரோகால்சிடோனின்னு ஒண்ணு தினமும் வருது. மொத நாள் அறுவதுக்குப் பக்கம். நான் நெனச்சேன், பரவால்ல, கெட்டி ஆளு, எங்கிட்ட வம்பு பண்றதுக்கு இந்தச் சக்தி இல்லாம முடியுமான்னு. அடுத்த நாள் நாப்பது. அதுக்கடுத்து இருவதுக்குள்ள. அப்பறம் எட்டு. பண்ணையில டைட்டர் இப்படி விழுந்துச்சுன்னா நான் யாவாரிக்குப் போன் போட்டு, வந்த வெலைக்குக் கோழியத் தள்ளி உட்டுருவேன். சம்பந்திய யாருக்குத் தள்ளி உடறது?

ரிப்போர்ட்டுல பக்கத்துலயே அரைக்குக் கீழ இருக்கோணும்னு போட்டிருந்துச்சு, பாத்தேன், பாக்காம இல்ல. அது நல்லா இருக்கற ஆளுக்குப் போட்டதுன்னு நெனச்சேன். நல்லா இருக்கறவனுக்கு என்னத்துக்குச் சக்தி, சும்மா படுத்துத் தூங்கறவனுக்கு? நாயந்தானுங்க?

டாக்டர் மெர்லின்னு ஒரு பொண்ணு, நாகர்கோயில் பக்கம். அதுகிட்டக் கேட்டா தினமும் ஒரே பதில். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, பாப்போம்." எங்க பண்ணை டாக்டரும் கோழி சாகப் போகுதுன்னா இதையேதான் சொல்லுவாரு. எனக்கு முடிவாத் தெரிஞ்சுபோச்சு.

சும்மா இல்லாம அந்த வாரம் பூரா ஹால்ல இருக்கறவங்களுக்கெல்லாம் வேற பலன் சொல்லிக்கிட்டிருந்தேனுங்க. பழனிக்கார அம்மா ஒருத்தங்க, மாமனாருக்கு நம்பர் ஏறிப்போச்சுன்னு அழுதாங்க. "ஏறுதுன்னா சந்தோசப்படுங்க, சக்கரப் பொங்கல் வைங்க"ன்னேன். அந்தம்மா அழுகைய நிறுத்திப்போட்டுக் கோயிலுக்கு வேண்டிக்கிட்டாங்க. அந்தப் பெரியவர் எந்திரிச்சு நடந்தே வீட்டுக்குப் போனாருங்க. அதனால எங்கணக்கு முழுசாத் தப்புன்னும் சொல்லிர முடியாது. தாராபுரத்துக்காரர் ஒருத்தர் அதா அந்த மூலையில உக்காந்திருப்பாரு, தம்பிக்காக. எல்லா நம்பரும் நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு, டாக்டர்களே நல்லாத்தான் சொன்னாங்க. ஒரு மத்தியானம் கூப்புட்டு உட்டாங்க. தம்பி போயிட்டாப்ல. அவரு துண்ட எடுத்துக்கிட்டு எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டுப் போனாரு. அன்னைக்கு இந்த ஹால்ல யாரும் யாரையும் நம்பர் கேக்கல.

சரி, எங்க கதைக்கு வாரேன். எட்டுன்னு வந்ததும் நான் வெளிய போயி எல்லாத்துக்கும் போன் போட்டேன். மாப்ளைய உடனே பொறப்பட்டு வாங்கன்னேன். "மாமா, டாக்டர் சொன்னாங்களா?"ன்னாரு. "டாக்டர் என்ன சொல்றது, நான் ரிப்போர்ட் பாத்துட்டேன்"ன்னேன். சம்பந்தி வகையறாவுக்குச் சொன்னேன். மகளுக்கு மட்டும் சொல்லல, வயித்துப் புள்ளத்தாச்சி.

போன வெச்சதும் ரோசனை வந்துச்சு. சாவு வீட்டுக்குச் சம்பந்தி வெறுங்கையோட போக முடியுமா? பொணத்து மேல கோடித்துணி போத்தோணுமில்ல. நேரா துணிக்கடைக்குப் போனேன். கோடின்னதும் கடைக்காரத் தம்பி கீழ இருந்து ஒரு கட்ட எடுத்துப் போட்டான். ஒரு நாள் போத்தறதுக்கு எதுக்கு நல்ல துணின்னு அதுக்குன்னே மட்டமா வெச்சிருக்கானுங்க. தொட்டுப் பாத்தேன், சல்லடை. எனக்கு ஆவேசம் வந்துருச்சு. "எங்க சம்பந்திய யாருன்னு நெனச்ச? கல்யாண மாப்ளைக்குக் காட்டுவீங்கல்ல, அதக் காட்டு"ன்னேன். கடையவே எறக்கிப்போட்டான். ஒவ்வொண்ணா பிரிச்சு, லைட்டுக்கு நேராப் பிடிச்சுப் பாத்தேன். அந்தப்பக்கம் கடைக்காரத் தம்பி மொகம் தெரிஞ்சா வேண்டாம்னு தள்ளிட்டேன். கடைசில மயில்கண் கரை போட்ட எட்டு முழம் ஒண்ணு. மொகம் தெரியல. தட்டிப் பாத்தாலும் கொறை சொல்ல முடியாதுன்னு நெனச்சேன். அப்பறந்தான் தோணுச்சு, இத யாரு தட்டிப் பாக்கப்போறாங்க?

அங்கயே உக்காந்துட்டேனுங்க. அழுதுட்டேன். சும்மா சொல்லக்கூடாது, ஏங்கி ஏங்கி அழுதேன். கடைக்காரத் தம்பி நான் வெலையப் பாத்து அழறேன்னு நெனச்சு, தானாவே கொஞ்சம் கொறைச்சுப் போட்டான். வெளிய வெயில் வேற, வெறும் வயிறு வேற, அதனாலதான் அழுகை வந்திருக்கோணும்.

அடுத்த நாளே வேன்ல வந்து எறங்கிட்டாங்க சனம். பொம்பளைங்க தலைய விரிச்சுப்போடத் தயாரா. பட்டறைச் சங்கத்துக்காரங்க "கண்ணீர் அஞ்சலி"ன்னு பிளெக்ஸே அடிச்சுக் கொண்டாந்துட்டாங்க, பொலீரோ டாப்புல சுருட்டிக் கட்டியிருந்துச்சு. மாப்ள ஏர்போட்ல இருந்து நேரா வந்து என்ற தோள்ல சாஞ்சு அழறாரு. அப்ப டாக்டர் மெர்லின் கதவத் தொறந்துக்கிட்டு வருது. இத்தன கூட்டத்தப் பாத்து மெரண்டுபோயி, "என்னது சார் இது, எல்லாரும் எங்க கெளம்பிட்டீங்க?"ன்னுச்சு.

நான் முன்னால போயி, "மறைக்காம சொல்லுங்கம்மா, நாங்க மனசத் தேத்திக்கிட்டோம்"ன்னேன்.

"என்னத்தத் தேத்துனீங்க? காலைல டியூப எடுத்தாச்சு. கண்ணு முழிச்சுட்டார். மொத வார்த்தையே 'அந்த முட்டக்காரர் வெளிய இருக்காரா, போயிட்டாரா'ன்னுதான் கேட்டார்."

போனக் காட்டி, "இது அறுவதுல இருந்து எட்டுக்கு விழுந்துருச்சே!"ன்னேன். அந்தப் பொண்ணு என்னைய ஒக்கார வெச்சு வெளக்குச்சு. "நீங்க இதக் காவல்காரன்னு நெனச்சுட்டீங்க சார். இது காவல்காரன் இல்ல, அலாரம். உள்ள திருடன் எவ்வளவு அட்டகாசம் பண்றானோ அவ்வளவு சத்தமா அடிக்கும். சத்தம் கொறையுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்"ன்னுச்சு. அதோட நிறுத்தல. "இந்த ஒண்ண மட்டும் வெச்சுக்கிட்டு யாரு பொழைப்பா, யாரு போவான்னு சொல்ல முடியாது. லாக்டேட் பாக்கணும், பிளேட்லெட் பாக்கணும், கிட்னி பாக்கணும், ஆளப் பாக்கணும். எல்லாம் பாத்தாலும் எங்களுக்கே சில நேரம் பிடிபடாது. அதனாலதான் பாப்போம்னு சொன்னேன்"ன்னுச்சு. அப்ப இத மொத நாளே சொல்லியிருக்கலாமில்லைங்க? "நீங்க கேக்கவே இல்லையே சார், நீங்கதான எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தீங்க"ங்குது. வாய்த்துடுக்கு.

வந்த சனத்துக்கெல்லாம் கேண்டீன்ல டிபன் வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சேன். சாவுக்கு வந்துட்டு மசால் தோசை தின்னுட்டுப் போனவங்க ஒலகத்துலயே அவங்கதான் இருப்பாங்க. பிளெக்ஸ எழுத்துத் தெரியாம உள்பக்கமாச் சுருட்டச் சொல்லிட்டேன். மாப்ள மட்டும், "மாமா, இனிமேட்டு எனக்கு அப்பா போட்டோ மட்டும் அனுப்புங்க, ரிப்போர்ட்டப் படிச்சுச் சொல்லாதீங்க"ன்னுட்டாரு. நல்லதுக்குக் காலமில்ல.

கோடிய மட்டும் என்ன பண்றதுன்னு தெரியல. திருப்பிக் குடுக்கலாம்னு போனா, கடைக்காரத் தம்பி என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னு, "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?"ன்னான். என்னத்தச் சொல்றது? தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, இப்படி ஒரு துணி வீட்டுக்குள்ள ஆகாது. அதனால இந்தச் சேருக்கடியிலயே வெச்சிருந்தேன்.

இன்னைக்குக் காலைல நர்ஸு கூப்புட்டுது. "ரூமுக்கு மாத்தறோம், கட்டிக்க வேட்டி ஏதாச்சும் இருந்தாக் குடுங்க"ன்னுச்சு. "இல்லியே"ன்னேன். "பையில வெள்ளையாத் தெரியுதே"ன்னு அதுவே உருவி எடுத்துருச்சு. "ஐ, புதுசு!"ன்னு கொண்டுபோயி அவரு மடியிலயே வெச்சுருச்சு. நான் கவுன மாட்டிக்கிட்டுப் பின்னாடியே ஓடறேன்.

கையில வாங்குனாரு. கண்ணு பள்ளத்துல கெடக்குது, கன்னம் ஒட்டிப்போச்சு. இருந்தாலும் புத்தி போகுமா? நூலத் தேச்சுப் பாத்தாரு. ஒரு தட்டுத் தட்டுனாரு, வேட்டியத் தட்டுனா என்ன தெரியுமோ. அப்பறம் ரெண்டு கையாலயும் தூக்கி லைட்டுக்கு நேராப் பிடிச்சாரு. "மொகம் தெரியல சம்பந்தி"ன்னாரு.

எத்தன வருசமா அந்த வார்த்தைக்குக் காத்துக்கிட்டிருந்தேன் தெரியுங்களா! சபையில சொல்லல, ரெண்டு நர்ஸுப் புள்ளைங்க மட்டுந்தான் கேட்டாங்க. பரவால்லைங்க.

அதோட உட்டிருக்கலாமில்ல? மடிப்ப விரிச்சு ஒரு மூலையப் பாத்தாரு. அடுத்த மூலையப் பாத்தாரு. நாலு மூலையும் பாத்தாரு. புதுத்துணி எடுத்து ஒருத்தருக்குக் குடுத்தா, மூலையில துளி மஞ்ச வெச்சுத்தான குடுப்போம், உங்க ஊர்லயும் அப்படித்தானுங்க? கோடிக்கு மட்டுந்தான் வெக்கமாட்டோம்.

"எப்ப எடுத்தீங்க?"ன்னாரு.

"போன வாரம்."

"போன வாரம் எனக்கு நெனவே இல்லியே சம்பந்தி."

நான் அந்த மெஷினப் பாத்தேன், சலைன் பாட்டிலப் பாத்தேன், அவரப் பாக்கல. அப்பறம் பாத்தா சிரிக்கறாரு. நெஞ்சு குலுங்கக் குலுங்கச் சிரிக்கறாரு. மெஷினு கீகீன்னு கத்துது, நர்ஸு ஓடி வருது. அவரு நிறுத்தல. கண்ணுல தண்ணி வழிய என்ற கையப் பிடிச்சுக்கிட்டாரு. "இத்தன நல்ல வேட்டி எடுக்கத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, நான் சாகற வரைக்குமா காத்துக்கிட்டிருந்தீங்க?"ன்னாரு. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. சிரிக்கறனா அழறனான்னு நர்ஸுக்கே தெரியல. அப்பறம் சொன்னாரு, "போங்க, மஞ்ச வெச்சுக் கொண்டாங்க. இதையே கட்டிக்கிட்டு ரூமுக்குப் போறேன்."

வேண்டாம்னு எவ்வளவோ சொல்லிப்பாத்தேன். கேக்கற ஆளா? இங்க மஞ்சளுக்கு எங்க போறது? கேண்டீன்ல கேட்டா சாம்பார்ப் பொடிதான் இருக்குதுங்கறாங்க. கீழ மெடிக்கல்ல கேட்டா அங்க இருக்கற புள்ள "மாத்திரையா வேணும், கேப்சூலா வேணும்?"ங்குது. அப்படியே தவிச்சுப்போயி மேல ஏறி வாரேன், நீங்க அந்தப் பொட்டலத்தோட நிக்கறீங்க.

அழாதீங்க அம்மிணி. நான் உங்க வீட்டுக்காரருக்குப் பலன் சொல்லமாட்டேன், சொல்றத உட்டுட்டேன். நாளைக்கு மெர்லினம்மாகிட்டக் கேளுங்க, வாயத் தொறந்து கேளுங்க, நல்லாச் சொல்லும். நானும் மேல ரூம்லதான் இருப்பேன், ரிப்போர்ட் வந்ததும் சும்மா ஒரு வார்த்தை எனக்குச் சொல்லி உடுங்க. என்ன நம்பர்னு தெரிஞ்சுக்கலாம்னுதான், வேற ஒண்ணுமில்ல.

அந்தப் பொட்டலத்தச் சித்தப் பிரிங்க. இந்தாங்க, துளி தண்ணி. ஆம்பள நான் வெக்கறதவிட உங்க கையால வெச்சாத்தானுங்க நல்லாருக்கும். ஒரு மூலையில வெச்சாப் போதும்ங்கறதுதான் வழக்கம். நீங்க நாலு மூலைக்கும் வெச்சுருங்க அம்மிணி.